ஈயம் பூசாத அண்டா

“யாரு பேருங்க கண்ணு வெட்டறது?”

அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்கடையில் உளியைக் கையில் பிடித்தபடி அந்தப் பெரியவர் கேட்டார். அனுசுயாவுக்கு வாய் வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் அவளோடு ஒரே லைன் வீட்டில் குடியிருந்த சகாயராஜ். அவரோ ஃபோன் வந்ததென்று ரோட்டோரம் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். ஆட்டோவில் அண்டாவைப் பிடித்துக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டுமென்று கூட்டிவந்த பெண் அவள். பத்தாவதோடு பள்ளியை விட்டவள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக இருக்கிறாள். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து, மடித்து, அடுத்தவர் பக்கம் நகர்த்துகிற வேலை. அதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது.

“உங்கப்பா பேருங்களா?”

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“அப்பக் கோயிலுக்குங்களா?”

இதற்கு எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியவில்லை. நல்லவேளையாக சகாயராஜ் வந்துவிட்டார். ஆனால் கேள்வியைக் கேட்டதும் அவரும் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். தன் பேரைப் போட்டால் பெருமையடிக்கிறான் என்பார்கள். அந்தோணியார் பேரைப் போட்டால் அவள் அப்பா ராக்கையா மாதிரி வேறு சாமி கும்பிடுகிற ஆட்கள் சங்கடப்படுவார்கள். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தென்மாவட்டச் சமூகம், வீரபாண்டின்னு போடுங்க அண்ணாச்சி.”

பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். “நீங்கெல்லாம் ஒரே சாதிங்களா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஒரே சாமிங்களா?”

“அதும் இல்ல.”

“ஊராவது ஒண்ணுங்களா?”

“ஒருத்தன் ஊருக்கும் இன்னொருத்தன் ஊருக்கும் பஸ்ஸே கெடையாது.”

“பொறகு எப்புடிங்க சமூகம்?”

“ஒரே பாத்ரூம் அண்ணாச்சி. காலைல வந்து வரிசையப் பாருங்க, தெரியும்.”

பெரியவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புள்ளி புள்ளியாக வெட்டத் தொடங்கினார். முடித்ததும் அண்டாவைச் சாய்த்து உள்ளே விரலால் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“மண்டபத்துல இருந்து வந்த பழைய உருப்படிங்க இது. உள்ளாற ஈயம் போயிருச்சு. உட்டுட்டுப் போங்க, பூசித் தாறோம். வாற வெள்ளிக்கிழமை ஆவும்.”

“ஞாயித்துக்கிழமை அசனம் வச்சிருக்கே!”

“அப்பச் சோறு மட்டும் போட்டுக்குங்க. ரசம், மோரு, தக்காளி எதும் ஊத்தீராதீங்க. புளி பட்டா பித்தாளைல களிம்பு எறங்கும். அது வெசமுங்க.”

“சரி சரி” என்றார் சகாயராஜ். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அண்டாவின் வயிற்றில் வெட்டிய பேரைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த அண்டாவுக்குக் காசு போட்டவர்கள் வீரபாண்டியில் அங்கமுத்துவின் லைன் வீட்டில் குடியிருந்தவர்கள். ஒரே வரிசையில் பத்து வீடு, கடைசியில் ஒரு பாத்ரூம், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். சகாயராஜும் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அனுசுயாவின் அப்பா ராக்கையாவும் அம்மா ஒச்சாயியும் ஆண்டிபட்டிக்குத் தெற்கே ஒரு கரட்டுக்காட்டு ஊர். மற்றவர்கள் சங்கரன்கோவில், சிவகங்கை, எங்கெங்கோ. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டார்கள். சில பேரை சில பேர் பக்கத்தில் உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு மளிகைக் கடையிலும் கம்பெனியிலும் பால் ஊற்றுகிற இடத்திலும் எல்லாருக்கும் ஒரே பேர்தான் விழுந்தது: தெக்கத்தி ஆளுங்க.

அனுசுயா அந்தப் பேரை முதலில் கேட்டது ஒரு மழை நாளில். மூட்டை முடிச்சோடு பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பாவும் அம்மாவும் அவளும் வாசல் வாசலாக வீடு கேட்டு அலைந்தார்கள். எந்த ஊரு, என்ன ஆளுங்க என்று கேட்பார்கள். சொன்னதும், தெக்கத்தி ஆளுங்களுக்கு வீடு இல்லீங்க என்பார்கள். அங்கமுத்துவின் மனைவி மயிலாளும் அப்படித்தான் சொல்லி உள்ளே திரும்பினாள். அப்போது குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த சகாயராஜ் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓடிவந்தார்.

“ஆத்தா, இவங்க நம்ம ஆளுங்கதான். நான் பொறுப்பு.”

அதற்கு முன்னால் அவர் அவர்களைப் பார்த்ததே இல்லை. பேர்கூடத் தெரியாது. அன்று சாயங்காலம் ஒச்சாயி புது வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள்: “அந்த மனுசன் ஒத்தச் சொல்லு சொன்னாரு, நம்ம தல நனையாமப் போச்சு. அத மறந்துராதடி.” அனுசுயா மறக்கவில்லை.

அசனம் என்பது சகாயராஜின் ஊர்க் கோயில் வழக்கம். புனிதர் பேரில் எல்லாரும் அரிசி பருப்பு போட்டு, ஒரே அடுப்பில் ஆக்கி, பெரியவன் சின்னவன் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. இங்கே அதை அவர்தான் தொடங்கிவைத்தார். இரண்டாவது வருஷமே ராக்கையா வீட்டு அரிசியும் அதில் சேர்ந்துவிட்டது. இந்த வருஷம் முதல் முறையாக வீட்டுக்காரர் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். அங்கமுத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் வாடகைப் பாத்திரம் போதாதென்று சொந்தமாக ஒரு பித்தளை அண்டா.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஒச்சாயியும் மற்றப் பெண்களும் புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்தார்கள். உள்ளே தங்கம் மாதிரி ஆகிவிட்டது. சோற்றை வடித்து வெள்ளைத் துணி விரித்த பாயில் மலையாகக் கொட்டினார்கள். சாம்பார் ஒரு அலுமினியக் குண்டாவில், பொரியல் இன்னொன்றில். சாமியானாவின் வாயிலில் பெஞ்சு போட்டு, பேர் தெரிகிற மாதிரி அண்டாவைத் தூக்கி வைத்தார் சகாயராஜ். தள்ளி நின்று பார்த்தார். வெறும் அண்டாவாக நிற்பது அவருக்கு என்னவோ போலிருந்தது.

“ரசத்த இதுல ஊத்துங்கலே. வாரவங்க மொதல்ல பாக்கது இதத்தான்.”

அனுசுயா பக்கத்தில் இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். இலையைக் கீழே வைத்தாள். அவர் சட்டையின் ஓரத்தை மெல்ல இழுத்தாள். “பெரியப்பா, புளி ஊத்தக் கூடாதுன்னாரே அந்தத் தாத்தா.”

“தெரியும்ட்டி. ரொம்ப நேரம் கெடந்தாத்தான் களிம்பு. பன்னெண்டு மணிக்குப் பந்தி. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள காலியாயிரும், பாரு.”

பன்னிரண்டு மணிக்குப் பந்தி வைத்திருந்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். ஆனால் அங்கமுத்து வரவில்லை. முகூர்த்த நாள், குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஃபோன் அடித்தால், இதோ கெளம்பிட்டமுங்க என்றார்கள். யாரோ ஒருவர், சின்னப் பிள்ளைகளுக்காவது போட்டுவிடலாமே என்று இழுத்தார். சகாயராஜ் கையை உயர்த்தித் தடுத்தார்.

“வீட்டுக்காரங்கள அழைச்சுட்டு நாம முந்திக்கிட்டுத் தின்னா, நாளைக்கு என்ன சொல்லுவாவ? தெக்கத்தி ஆளுங்களுக்கு மரியாத தெரியாதும்பாவ. ஒருத்தரும் இலையத் தொடாதிய.”

ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகள் சாமியானாத் தூணைக் கட்டிக்கொண்டு தூங்கின. சோறு ஆறி விறைத்தது. மூடி போட்ட அண்டாவுக்குள் ரசம் தன்பாட்டுக்குக் கிடந்தது. வெயில் சாய்ந்த பிறகுதான் வீட்டுக்காரர்களின் கார் வந்தது. அங்கமுத்துவும் மயிலாளும் கல்யாணத்திலேயே சாப்பிட்டாயிற்றென்று பேருக்கு ஒரு கைப்பிடி உண்டார்கள். மருமகள் கோமளா மட்டும் ஆசையாக உட்கார்ந்தாள். மடியில் அவளுடைய பாப்பா. ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கி, தானும் ஒரு வாய் குடித்து, பிள்ளைக்கும் கொடுத்தாள். கல்யாண வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிள்ளை. புளிப்பாக இருந்ததும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கை கழுவிவிட்டு வந்த கோமளா அண்டாவின் பேரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். இலை எடுக்க வந்த அனுசுயாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு, நாங்க இந்த ஊர்ல இத்தன பேரு இருக்கறோம். ஒரு சட்டி பானைல இப்புடி எழுதி வெச்சிருக்கறமா? அங்கமுத்து ஊடு, அவ்வளவுதான். நீங்க மட்டும் எதுக்கு சமூகம், சமூகம்ங்கறீங்க?”

கேலியும் இல்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அனுசுயா சிரித்து மழுப்பி இலையோடு நழுவிவிட்டாள். ஆனால் கேள்வி அவள் பின்னாலேயே வந்தது.

பரிமாறியவர்கள் கடைசியில் சாப்பிட்டார்கள். ஒச்சாயிக்குச் சோறு கொஞ்சம்தான் கிடைத்தது. அண்டாவின் அடியில் கிடந்த ரசத்தை வழித்து ஊற்றிக் குடித்தாள். “நாக்குல காசு வச்ச மாதிரி இருக்குடி” என்றாள். அப்புறம் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்காரரின் பெரிய வீட்டில் பாப்பா வாந்தி எடுத்தது. நிற்கவே இல்லை. கோமளா பிள்ளையை அள்ளிக்கொண்டு காரில் ஏறினாள். அவளும் வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டே போனாளாம். மயிலாள் லைன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். எந்த வீட்டைப் பார்த்துக் கத்துவதென்று தெரியாமல் மொத்த வரிசைக்கும் பொதுவாகக் கத்தினாள்.

“உங்காளுக சோத்தத் தின்னு என்ற பேத்தி துடிக்கறாளே! என்னத்தப் போட்டு ஆக்குனீங்க? அதுக்கு மட்டும் எதாவது ஆச்சுன்னா ஒருத்தரும் இங்க குடியிருக்க முடியாது, சொல்லிப்போட்டேன்!”

அவள் போன பிறகு பத்து வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டன. உள்ளே நடந்தது வேறு. மூன்றாவது வீட்டில் வாந்தி. ஏழாவது வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் சுருண்டு கிடந்தார்கள். ரசம் குடிக்காதவர்கள் தப்பித்தார்கள். குடித்தவர்கள் வீட்டில் எல்லாம் டிவி சத்தமாகப் பாடியது. ஓங்கரிக்கிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அப்படி ஒரு வரிசை முழுக்க, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், ஜனம் சத்தமில்லாமல் வாந்தி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தது.

சகாயராஜ் வீடு வீடாகப் போனார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அனுசுயாவின் வீட்டுக்குள் வந்து கதவை ஒட்டச் சாத்தினார்.

“ராக்கையா, நல்லாக் கேட்டுக்க. நம்ம ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. யார் கேட்டாலும் இதான் பதில். நாமளுந்தான் தின்னோம், நமக்கு ஒண்ணும் ஆவலயே, கல்யாண வீட்டுல தின்னதுதான் சேரல. வெளங்குதா?”

“இவளுக்கு நிக்க மாட்டேங்குதே அண்ணாச்சி.” ராக்கையா பாயைக் காட்டினான். ஒச்சாயி சுவரோரம் குறுகிக் கிடந்தாள்.

“எனக்கும் தெரியுது. காலைல பாப்போம். ஈரோட்டுப் பக்கம் எங்கயாச்சும் தெரியாத ஆஸ்பத்திரியாக் கூட்டிட்டுப் போவோம். இங்க போனா அடுத்த நிமிசம் தெரிஞ்சிரும். பாப்பாவச் சேத்திருக்க ஆஸ்பத்திரில பூச்சி மருந்தா இருக்குமோன்னு பேசுதாவளாம். போலீசுக்குச் சொல்லணும்னு ஒரு பேச்சு அடிபடுது. நாம ஏதோ கலந்துட்டோம்னு ஆயிரும்.”

“பெரியப்பா” என்றாள் அனுசுயா. “அண்டாதான்னு சொல்லிட்டா, டாக்டருக்கு வெளங்கும்ல?”

அவர் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

“சொன்னா சகாயராஜ் தப்புங்கதோட நிக்கும்னா நெனைக்க? நின்னா நானே போயிச் சொல்லுவேனே. போன ஆடியில அடுத்த காம்பவுண்டுல என்ன நடந்துச்சு? ஒரு பய சூப்பர்வைசரக் கை நீட்டுனான். மறுநாள் எத்தன வீட்டுச் சாமான் ரோட்டுல கெடந்துச்சு? நம்மள்ல ஒருத்தன் செஞ்சா எல்லாரும் செஞ்சதுதான் பிள்ள.”

அவர் சொன்னது பொய்யில்லை. அது அனுசுயாவுக்குத் தெரியும். அதற்குச் சில மாதம் முன்னால் அங்கமுத்துவின் தம்பி மகன் பிரதீப், தெருமுனையில் பைக்கை ஒச்சாயியின் மேல் விட்டான்; கால் உடையாமல் தப்பியதே பெரிது. மயிலாள் தைலத்தோடு வந்து, “அவன் ஒரு தறுதல கண்ணு, எங்க சொன்னாக் கேக்கறான்” என்று தேய்த்துவிட்டுப் போனாள். லைன் வீட்டிலும் பிரதீப்பைத்தான் திட்டினார்கள். இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் செய்தால் அது ஒரு ஆள் செய்தது. அவனுக்கு ஒரு பேர் இருந்தது.

அப்படியென்றால் கோமளாவின் கேள்விக்கு இதுதானா பதில் என்று அவள் அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள். நாங்களாக வைத்துக்கொண்ட பேர் இல்லை அக்கா. நீங்கள் எல்லாரையும் ஒரு கயிற்றில் கட்டினீர்கள். கட்டிய பிறகு அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். யோசிக்கும்போது வார்த்தை வந்தது. சொல்லத்தான் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒச்சாயி இன்னொரு முறை எழுந்து உட்கார்ந்தாள். வாந்தியில் பச்சையாக நீர் வந்தது. “மானம் போயிரும்டி, சத்தம் போடாத” என்று மகளின் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அப்படித் தட்டுகிற தெம்பும் இல்லாமல் போனது. கைவிரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. கூப்பிட்டால் ம் என்றாள். அப்புறம் அந்த ம் கூட நிதானித்துத்தான் வந்தது.

பொழுது வெளுத்ததும் அனுசுயா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் சண்டையும் சிரிப்புமாக இருக்கும் இடம். இன்று எல்லாரும் தலைவாரி, முகம் கழுவி, நன்றாக இருக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். ஏழாவது வீட்டுக்காரி பவுடர்கூடப் போட்டிருந்தாள். அதற்கு அடியில் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அப்போது கோமளா வந்தாள். மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டுக்குள் போகாமல் நேராக முற்றத்துக்கு வந்தாள். முடி கலைந்து, நேற்றைய பட்டுச்சேலையிலேயே இருந்தாள்.

“யாருக்காச்சும் ஒடம்புக்கு ஆச்சுங்களா? மறைக்காமச் சொல்லுங்க. நான் சண்ட போட வல்லீங்க. என்ன பண்ணுச்சுன்னு தெரியாம டாக்டரு தடுமாறறாருங்க. பாப்பா மயங்கி மயங்கி விழுகுதுங்க.”

சகாயராஜ் இரண்டடி முன்னால் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“இல்லம்மா. நம்ம சமூகத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. பாருங்க, எல்லாரும் நிக்கோம்.”

எல்லாரும் நின்றார்கள். ராக்கையாவும் நின்றான். கோமளாவின் கண் ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு வந்து அனுசுயாவிடம் நின்றது.

“உங்கம்மா எங்க கண்ணு? தெனம் அவிகதான மொதக் கொடம் புடிப்பாங்க?”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரோ குழாயை மூடினார்கள். அந்தச் சத்தம் நின்றதும் பத்து வீடும் தன்னைப் பார்ப்பது அனுசுயாவுக்கு முதுகில் தெரிந்தது. சகாயராஜ் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அன்று மழையில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு ஓடிவந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. நம்ம ஆளுங்கதான், நான் பொறுப்பு. அந்தச் சொல்லுக்குக் கீழேதான் இத்தனை நாளும் தூங்கி எழுந்தார்கள். அதே சொல்லுக்குக் கீழேதான் இப்போது அம்மா குளிர்ந்துபோய்க் கிடக்கிறாள்.

குடத்தை அப்படியே விட்டாள். திரும்பி நடந்தாள். தன் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தள்ளி, சுவரில் மோதும்வரை அகலத் திறந்தாள். வாந்தியின் நாற்றம் முற்றத்துக்கு வந்தது. வெளிச்சம் பாயில் கிடந்த ஒச்சாயியின் முகத்தில் விழுந்தது.

“எங்கம்மாக்கா” என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் போட்ட மாதிரி வந்தது. “ரசம். பித்தள அண்டால இருந்துச்சு. ஈயம் பூசல. களிம்பு எறங்கும்னு கடைல சொன்னாங்க. எல்லாருமே… எல்லார் வீட்டுலயும் இருக்குக்கா.”

முதலில் கோமளாதான் அசைந்தாள். ஃபோனை எடுத்து, “டாக்டர், பித்தாளைப் பாத்தரமுங்க, ஈயம் இல்லாதது, களிம்புங்க” என்று சொல்லிக்கொண்டே ஒச்சாயியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். பட்டுச்சேலையைப் பற்றி யோசிக்கவே இல்லை. ராக்கையா ஓடிவந்து கால்மாட்டைப் பிடித்தான். காரில் ஏற்றும்போது ஏழாவது வீட்டுக்காரி கதவோரம் வந்து நின்று, “என்னையும் கூட்டிட்டுப் போங்கக்கா” என்று அழுதாள்.

பாப்பா அன்று சாயங்காலமே பிஸ்கட் கேட்டது. ஏழாவது வீட்டுக்காரர்கள் மறுநாள் திரும்பினார்கள். ஒச்சாயிக்குத்தான் நாள் பிடித்தது. சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டுமென்று வைத்திருந்து, ஊசியும் பாட்டிலுமாக ஏற்றி, ஒருவழியாக அனுப்பினார்கள். இன்னும் ஒரு பகல் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை ராக்கையா ஒருவரிடமும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் சொன்னான்.

லைன் வீட்டில் எல்லாரும் அங்கமுத்து வரும் நாளுக்காகப் பயந்துகொண்டிருந்தார்கள். சிலர் சாமானைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அனுசுயாவோடு யாரும் பேசவில்லை. அவள் குடத்தோடு போனால் குழாயடி தானாக விலகி வழிவிட்டது. வழக்கமாக அவள் விரும்புகிற மௌனம்தான் அது. இப்போது அதைத் தாங்க முடியவில்லை.

அங்கமுத்து வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

“கடைக்காரன் சொல்லியும் கேக்காம வெச்சது சகாயராசு. பொய் சொன்னதும் அவருதான். மத்தவிகள நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க பாட்டுக்கு இருங்க. அவரு மட்டும் வேற ஊடு பாத்துக்கட்டும்.”

அவ்வளவுதான். அத்தனை பேரும் எதற்கு நடுங்கினார்களோ அது நடக்கவில்லை. முதல் முறையாக இந்த ஊர் அவர்களில் ஒருவனை ஒருவனாகப் பார்த்தது. அவனுக்கு ஒரு பேர் இருந்தது. அப்படிப் பார்க்க வேண்டுமென்றுதான் அனுசுயா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நினைத்திருந்தாள். ஆனால் அது நடந்தபோது அவளால் சகாயராஜ் வீட்டுக் கதவைப் பார்க்க முடியவில்லை.

பத்து வீட்டிலும் பேச்சு அன்றைக்கே மாறிவிட்டது. “அவருகிட்ட அப்பவே சொன்னாங்களாமே, கேட்டிருக்கணும்ல” என்றது மூன்றாவது வீடு. “அந்த ஆளுக்குப் பேரு வாங்கணும்னு வெறி” என்றது இன்னொன்று. நம்ம என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. ராக்கையா மட்டும் பீடியை நசுக்கிவிட்டு எழுந்து போனான்.

அனுசுயா தானாகவே ஒரு காரியம் செய்தாள். பெரிய வீட்டுப் பின்வாசலுக்குப் போய், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோமளாவின் எதிரே நின்றாள்.

“அக்கா, உங்க மாமனாருகிட்ட ஒண்ணு சொல்லுங்கக்கா. நீங்க வர்ற வரைக்கும் பந்தி வைக்கக் கூடாதுன்னுதான் பெரியப்பா நிறுத்தி வச்சாரு. அதான் ரசம் அவ்வளவு நேரம் அதுல கெடந்துச்சு. இல்லாட்டி ஒண்ணும் ஆயிருக்காதுக்கா.”

கோமளா கையில் பாப்பாவின் சட்டையோடு அப்படியே நின்றாள்.

“எங்களுக்காவவா காத்திருந்தீங்க? பசியோட?” அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “உண்டிருக்கலாமே கண்ணு! நாங்க என்னத்தச் சொல்லப் போறோம்?”

அனுசுயா வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினாள். கோமளா மாமனாரிடம் சொல்லிப் பார்த்தாள் போலிருக்கிறது. அங்கமுத்து சொன்னது சொன்னதுதான் என்று மறுநாள் மயிலாள் மூலம் தெரிந்தது.

சகாயராஜ் பல்லடம் ரோட்டில் எங்கோ ஒரு வீடு பிடித்தார். சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான், ஆட்கள் எல்லாரும் வீட்டிலிருந்தார்கள். டிவிகள் சத்தமாகப் பாடின. ராக்கையா மட்டும் வெளியே வந்து கட்டிலுக்கு ஒரு பக்கம் கை கொடுத்தான். இருவரும் தூக்கினார்கள், வைத்தார்கள். ஒச்சாயி வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “அண்ணாச்சி…” என்று ஆரம்பித்து அழுகையில் நிறுத்திவிட்டாள். அவர் அவளைப் பார்த்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி கையை அமர்த்திக் காட்டினார்.

அனுசுயா கதவோரம் நின்றாள். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து உதட்டுக்குள் உருட்டி வைத்திருந்தாள். அம்மாவுக்காகத்தான் பெரியப்பா. உங்கள மட்டும் அனுப்புவாங்கன்னு தெரியாது பெரியப்பா. அவர் திரும்பினால் சொல்லிவிடுவாள்.

எல்லாம் ஏற்றிய பிறகு அவர் குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார். அசனத்து நாளிலிருந்து அண்டா அங்கேயேதான் கிடந்தது. யாரும் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரிடமும் சொல்லவில்லை. யாரோ பேர் தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, விளிம்பில் பச்சை கட்ட ஆரம்பித்திருந்தது. சகாயராஜ் குனிந்து தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். தோளில் கிடந்த துண்டால் உள்ளே ஒரு சுற்று துடைத்தார். இனித் தண்ணீர் தேங்காதபடி அண்டாவைத் தலைகீழாக, அலுங்காமல் கவிழ்த்து வைத்தார்.

நிமிர்ந்தபோது அனுசுயாவைப் பார்த்தார். அவள் உதடு பிரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போனார்.